ஈரத்தலையோடு வந்த வெள்ளிக்கிழமைகள்

தொட்டுப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அறிவு வளரும் என்று யாராவது மேடையில் பேசக் கேட்டால், என் தலை நனைந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வரும். டாக்டர் ஆனபிறகு இப்படிப்பட்ட திறப்பு விழாக்களுக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். கண்ணாடி அலமாரியைத் திறந்துவைத்துவிட்டு, சிறு வயதில் பார்த்த காட்சியறைதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டும் வருகிறேன். பொய் இல்லை. ஆனால் முழுதாகச் சொன்னால், போட்ட மாலையைத் திரும்பக் கேட்டாலும் கேட்பார்கள்.

எங்கள் வீடு கொக்கிரகுளத்தில். அப்பா கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. திருநீறு, சிவபூசை, சைவச் சாப்பாடு என்று ஆசாரத்துக்குக் குறைவில்லாத வீடு. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பியதே ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. அம்மா ஒரு எல்லை போட்டுத்தான் சம்மதித்திருந்தாள்: நான் பெரியவளாகும் வரை படிக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என்றைக்கு வேண்டுமானாலும் எல்லை வந்துவிடும் என்ற பயத்திலேயே நான் பாடம் படித்தேன்.

பள்ளியில் ஒரு காட்சியறை இருந்தது. உவரிக் கடற்கரையில் பொறுக்கிய சங்குகள், பஞ்சடைத்த கீரி, ஒரு காந்தம், காகிதக் கூழில் செய்து வர்ணம் பூசிய கண் ஒன்று, இருதயம் ஒன்று. இவற்றோடு ஒரு தேக்குப் பெட்டியில், கம்பியால் கோத்த மனிதக் கை எலும்பு. வெள்ளிக்கிழமை மாலையில் டீச்சர் அறையைத் திறப்பார்கள். திசையன்விளைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. பயம் என்பதே தெரியாதவர்.

"பாத்துக்கிட்டே நின்னா ஒண்ணும் வெளங்காது. தொடு ஏட்டி" என்று என் விரலைப் பிடித்து மணிக்கட்டில் வைத்தார்கள். "எண்ணு. எட்டு இருக்கும். பொறவு உன் கையில தேடு."

எண்ணினேன். எட்டு இருந்தது. என் மணிக்கட்டை அழுத்தி அழுத்தித் தேடினேன். அதிலும் என்னவோ உருண்டது. என்னோடு பிறந்த கையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததுபோல் இருந்தது. சந்தோஷம் பள்ளி வாசல் வரை தாங்கியது. வாசலைத் தாண்டியதும், செத்தவர் எலும்பைத் தொட்டவள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. அப்படியே போனால் பூசையறைச் சாமி சும்மா இருக்காது. அப்பாவுக்குத்தான் ஏதாவது ஆகும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. வழியில் ஆற்றுத்துறையில் இறங்கி, பாவாடை சட்டையோடு மூன்று முங்கு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கால் கழுவும்போது வழுக்கிவிட்டது என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை, கூட வந்தவள் தள்ளிவிட்டாள் என்றேன். மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு யோசித்துவைத்த பொய்யைச் சொல்லவே வாய்ப்பில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. காலையில் தன் கையால் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைத்த பெண், மாலையிலும் முழுகிவிட்டு வந்து பேந்தப் பேந்த விழிக்கிறாள். இதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பின்கட்டில் ஒரு மூலையில் பாய் விரித்து, குறுக்கே உலக்கையைப் போட்டு, எனக்கென்று தனித் தட்டு எடுத்துவைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் உளுந்தங்களி கிண்டத் தொடங்கினாள்.

அப்போதே மறுத்திருக்க வேண்டும். ஆனால் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க, சுடச்சுடக் களி வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால்தான் அந்தக் கவனிப்பெல்லாம். மூன்றாவது உருண்டை வரை நான் வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

அப்பா கச்சேரியிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு பஞ்சாங்கமும் பேனாவுமாக வந்து, உலக்கைக்கு அந்தப்புறம் உட்கார்ந்தார். நேரம் குறிக்க வேண்டும். அதை வைத்து ஜாதகம் எழுத வேண்டும். அதை வைத்து மாப்பிள்ளை பார்க்க வேண்டும். ஆழ்வார்திருநகரியில் யாரையோ அம்மா ஏற்கெனவே மனதில் வைத்திருந்தாள்.

"எத்தனை மணி இருக்கும்? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் அப்பா.

களிக்காக வாய்மூடி இருந்தது வேறு. இல்லாத நேரத்துக்கு ஜாதகம் எழுதவைப்பது வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் ஆகலப்பா. பள்ளிக்கூடத்துல எலும்பைத் தொட்டேன். அதுக்குத்தான் முழுகினேன்."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "எலும்பா? யாரு எலும்பு?"

"தெரியாது. கை."

ஒரு பள்ளத்திலிருந்து தப்ப அடுத்த பள்ளத்தில் விழுந்திருந்தேன். "யாரு கையின்னே தெரியாத கையைத் தொட்டுட்டு வந்து என் வீட்டுல களி திங்கா. இனிமே பள்ளிக்கூடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மா.

அப்பா பேனாவை மூடினார். கச்சேரியில் எந்தத் தகராறு வந்தாலும் நேரில் பார்வையிடாமல் அவர் குறிப்பு எழுதமாட்டார். "அங்கன கண்ணு, இருதயம் எல்லாம் காகிதக் கூழுல செஞ்சு வச்சிருக்காங்கன்னு இவ சொல்லியிருக்கா. இதுவும் கூழா இருக்கும். திங்கக்கிழமை நான் போய்ப் பாக்கேன். கூழுன்னா போகட்டும். எலும்புன்னா நிறுத்திருவோம்" என்றார். அம்மாவும் அதற்குச் சம்மதித்தாள். இரண்டு நாளும் காகிதக் கூழாக இருக்கவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். எட்டு எலும்பை எண்ணிய என் விரலுக்கு உண்மை தெரியும்.

திங்கட்கிழமை காலை, கோட்டும் தலைப்பாகையுமாகக் கச்சேரிக் கோலத்திலேயே அப்பா என்னோடு வந்தார். டீச்சர் பெட்டியைத் திறந்தார்கள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பாத்தா ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"தொட்டாத்தான தெரியும் அண்ணாச்சி" என்றார்கள் டீச்சர்.

முதலில் கூழ்க் கண்ணைத் தட்டிப் பார்த்தார். பிறகு கைக்கு வந்தார். ஒரு விரலால் தொட்டார். இரண்டு விரலால் தொட்டார். பெருவிரலின் அடியில் இருந்த சிறு எலும்பை அசைத்துப் பார்த்துவிட்டு, தன் பெருவிரலின் அடியைத் தடவினார். "நாள் பூராவும் எழுதினா எனக்கு இங்கனதான் வலிக்கி" என்றார். வலி எங்கே பிறக்கிறது என்று டீச்சர் அந்தக் கையில் காட்டினார்கள். அப்பா மணிக்கட்டை எண்ணினார். எட்டு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். வந்த காரியத்தையே மறந்துவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை பிறந்த நேரத்தில், "இது கூழுதான?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. மனுசக் கைதான்" என்றார்கள் டீச்சர். ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு அந்தப் பழக்கமில்லை.

அப்பா கையை உடனே எடுக்கவில்லை. அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

வெளியே வந்து என்னைத் துறைக்குக் கூட்டிப்போனார். கோட்டையும் தலைப்பாகையையும் படியில் வைத்துவிட்டு மூன்று முங்கு முங்கினார். நானும் முங்கினேன். வேட்டி காயும் வரை இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அவர் கச்சேரிக்குத் தாமதமாகப் போனது எனக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான்.

"அம்மாட்ட கூழுன்னு சொல்லிருதேன்" என்றார் ஆற்றைப் பார்த்தபடி. "நீ இனிமே வெள்ளிக்கிழமை முழுகாத. முழுகினா அவ கேப்பா."

இப்படித்தான் எனக்கு அறிவியல் வந்தது. எலும்பைத் தொட்டுவிட்டு முழுகாமல், அந்த வெள்ளிக்கிழமை பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். வாசலில் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை லட்சுமிகரம் என்றாள். என்மேலும் நாலு துளி விழுந்தது. இரவு அப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. சோறு ஊசவில்லை. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அம்மா அதேபோல் தெளித்தாள்; ஒன்றும் ஆகவில்லை. மாதக்கணக்கில் கவனித்து, தீட்டு என்று ஒன்று கிடையாது என்ற முடிவுக்கு நானாகவே வந்தேன். எந்த டீச்சரும் சொல்லித்தராத முதல் சோதனை. எனக்கு அதில் கர்வம்கூட உண்டு.

அடுத்த வருடம் நிஜமாகவே பெரியவளானேன். அம்மா மறுபடியும் களி கிண்டினாள், படிப்பை நிறுத்தச் சொன்னாள். அப்பாவும் பாதி தலையாட்டிவிட்டார். நான் உலக்கைக்கு இந்தப்புறமிருந்து, எலும்பைத் தொட்ட அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரத்தில் அந்தக் கை மடிக்குள் போயிற்று. "மூடுவண்டி வச்சு அனுப்பலாம்" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதிசயமாக, சண்டை போடவில்லை.

சென்னையில் வைத்தியம் படிக்க இடம் கிடைத்துப் புறப்பட்டபோது, அம்மா என் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "ஏளா, அங்கன இருக்கது எலும்பா, காகிதமா?"

பழைய பொய் நாக்கு நுனி வரை வந்தது. "எலும்புதாம்மா" என்றேன்.

"அது தெரியும். இங்கன இருந்ததும் எலும்புதான. அன்னைக்கு உங்கப்பா வேட்டியைத் துவைக்கேன், மடிப்பு பூரா ஆத்து மணலு. காகிதத்தைத் தொட்டதுக்கா அவரு கச்சேரிக்குப் போற வழியில ஆத்துல முங்கினாரு?"

என் சோதனை செல்லாது என்பதுதான் முதலில் உறைத்தது. ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் தீட்டோடு அந்த வாசலைத் தாண்டியதில்லை. மற்றது உறைக்க இன்னும் கொஞ்சநேரம் ஆயிற்று. என்னை நிறுத்திவிட அம்மாவுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவள் இத்தனை வருடமும் சொல்லவில்லை.

அம்மா ஒரு மஞ்சள் கிழங்கைத் துணியில் முடிந்து பெட்டியின் ஓரத்தில் சொருகினாள்.

"நான் தெளிச்சேன், சரியாப் போச்சு. அங்கன யாரு தெளிப்பா? நீயே தெளிச்சுக்கோ" என்றாள்.