கூர்க்கா கத்தியும் ஆரோக்கியத்தின் மூக்கும்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் பிடித்தவர் ஆரோக்கியம். கடவுள் அவருக்கு மூக்கை அளவு பார்க்காமல் வைத்துவிட்டார். அந்த மூக்கை நம்பித்தான் பழைய பட்டாளத்துக் கத்தி சேர்க்கும் கனவான்கள் கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் கார் போட்டு வருகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் கத்தி என்று பட்டுத்துணியைப் பிரிப்பார்கள். ஆரோக்கியம் முகர்ந்து பார்ப்பார்.

“ஏனுங்க, இந்தப் போரு கோழிப்பண்ணையிலயா நடந்துச்சு?”

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தியாக்கி, ஈரக் கோழி எருவில் ஒரு மாதம் புதைத்தால் அதற்கு எண்பது வயது ஏறிவிடும். எத்தனை எண்ணெய் தேய்த்தாலும் பிடி இடுக்கில் வாசம் போகாது. ஜலதோஷக் காலத்தில் கண்ணாலும் பிடிப்பார்: பட்டையின் நடு போல்ட் ஓட்டையை அடைத்த வட்டத் தழும்பு இருக்கும்; உறையைத் தைத்தது தார்ப்பாய் நூலாக இருக்கும். பங்குச் சாமியார் கொண்டுவந்ததையே, “கறி வெட்ட ஆகும் சாமி” என்று திருப்பிக் கொடுத்தவர்.

ஊரார் கத்தியைத் தடவியே காலம் தள்ளியவர், தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மாமனார் செபஸ்தியான் பட்டாளத்தில் சமையல்காரர். பிரியும்போது கூர்க்கா நண்பர் ஒருவர் கொடுத்த கத்தி, சேலத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். பெட்டி மருமகனுக்குத் திறக்கவேயில்லை.

போன ஈஸ்டர் விருந்துக்கு வந்த கிழவர், மஞ்சப்பையிலிருந்து ஒரு கூர்க்கா கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பாத்துச் சொல்லுங்க மாப்ள. ஊருக்கெல்லாம் சொல்றீங்களாமே.”

ஆரோக்கியம் முகர்ந்தார். கோழி. பிடியோரம் வட்டத் தழும்பு. உறையில் தார்ப்பாய் நூல்.

கரண்டியும் கையுமாக மனைவி அக்சிலியா வந்து நின்றாள். “எங்கப்பா பட்டாளத்துல இருந்து கொண்டாந்ததுங்க. யோசிச்சுப் பேசுங்க.”

ஐம்பது வருடக் கத்தியில் போன மாதத்து எரு எப்படி வந்தது என்று யோசித்திருக்கலாம். மாமனாரின் முகத்தையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்ததில் மூளை வேறு பக்கம் ஓடியது. கிழவர் மனசு நொந்தால் கத்தி எப்படிக் கைக்கு வரும்?

“அசலேதானுங்க மாமா.”

செபஸ்தியான் சிரித்த சிரிப்பில் பல்செட் நழுவியது. “போன மாசம் நானே அடிக்கச் சொல்லி வாங்குனது மாப்ள! அசலு பெட்டியில இருக்குது. என் மூஞ்சிக்கு நேரா பொய்யின்னு சொன்னா அதை உங்களுக்கே குடுத்தரோணும்னு இருந்தேன்.”

“மருவாதைக்குச் சொன்னதுங்க மாமா...”

“அந்த மருவாதையோட இந்தக் கத்தியையும் வெச்சுக்கங்க. அசலுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அக்சிலியா அதை எடுத்துப்போய் ஆட்டெலும்பில் ஒரே போடு போட்டாள். எலும்பு இரண்டாயிற்று.

“நல்லாத்தான் வெட்டுதுங்க!”

“வெட்டாம?” என்றார் ஆரோக்கியம், மேசையைப் பார்த்தபடி. “அசல் லாரிப் பட்டை.”