பாடு நின்ற பதினெட்டு நாள்

ஏரியில் இறால் பிடிக்க எங்கள் ஊரில் மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை, நல்ல இடத்தில் வலை கட்டும் முறை வரும். அதற்குப் பாடு என்று பெயர். என் தலைக்குள் காலண்டர் கிடையாது, பாடுதான். போன பாட்டில் மச்சான் வந்தார், அதற்கு முந்தின பாட்டில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் மனைவிக்கு முதல் பிரசவம். ஸ்கேனைப் பார்த்து நர்ஸம்மா ஒரு தேதி சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாள் தள்ளிப்போனதிலிருந்து எத்தனை பாடு ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணினேன்.

“மெஷினு தப்பா சொல்லுது. அந்தத் தேதிக்கு மேல இன்னும் ஆறு பாடு கீது.”

நர்ஸம்மா சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. “எனக்கு வேற ஒண்ணும் வோணாம். வலி வரச்சொல்ல நீ பக்கத்துல இருக்கணும்,” என்றாள். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

ஸ்கேன் சொன்ன தேதியில் எனக்குப் பாடு. “இன்னும் நாள் கீதுமே,” என்று படகேறிவிட்டேன். வலை கட்டி முடிப்பதற்குள் மாமியாரிடமிருந்து போன்.

“வலி எடுத்துச்சி மாப்ள. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம்.”

குறைமாசக் குழந்தை என்று என் கணக்கு சொன்னது. வலையை அப்படியே விட்டுப் படகைத் திருப்பினேன். கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினேன். எப்போதும் ஊர்வம்பு பேசிக்கொண்டே வரும் தூரம்தான், கரை வந்ததே தெரியாது. அன்றைக்குக் கரை நகரவே இல்லை. அரைநாள் ஆகியிருக்கும் என்று போனை எடுத்துப் பார்த்தால் ஆறு நிமிடம். போன் கெட்டுப்போச்சு என்று படகில் கூட இருந்த கூட்டாளியிடம் கத்தினேன். “உனக்குத்தான்யா கெட்டுப்போச்சு, தள்ளு,” என்றான்.

பைக்கில் பறந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதே இல்லை. “வந்துட்டேன்மே!” என்று கத்தினேன். வசவு நின்றது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. வராந்தாவில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

பெண் குழந்தை. முழு மாசம், மூன்று கிலோ. கையில் வாங்கியதும் திருப்பிக் கொடு என்றார் நர்ஸம்மா. இப்போதுதானே கொடுத்தீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அரைமணி ஆகிவிட்டதாம்.

மனைவியிடம் கேட்டேன். “ஆறு பாடு, பதினெட்டு நாளு எங்கமே போச்சி?”

“புயல்னு சொன்னாங்க, அது முடிஞ்சி கோயில் திருநா. ஏரில யாரு எறங்குனா?”

உண்மைதான். அப்போது பதினெட்டு நாள் பாடு நின்றது. நின்ற பிரிவிலிருந்தே மறுபடி தொடங்கியது. வேலை இல்லாத நாளை என் புத்தி நாளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

“இன்னா பண்ணேன் அப்போ?”

“வூட்டோட இருந்த,” என்றாள். “மொத நாளு நண்டு ஒடச்சிக் குடுத்த. ரெண்டாம் நாளு தாயம் ஆடித் தோத்துட்டுச் சாப்புடாம படுத்த. மூணாம் நாளு என் தலைக்கு நீயே எண்ண வச்ச...”

பிள்ளை பெற்ற களைப்பிலும் பதினெட்டு நாளையும் சொல்லி முடித்தாள்.