உண்டியலுக்குள் போன கனடா சிம்

போன வருடம் தை மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

நான் ரொறன்ரோவில் இருக்கிறவள். ஓய்வுபெற்ற பிறகு, அங்கே குளிர் தொடங்கியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் ஐந்தாறு மாதம் இருந்துவிட்டுப் போவது வழக்கம். இப்படி நெடுநாள் வந்து தங்குகிறவர்களுக்கு ஒரு பெரிய தலையிடி உண்டு. அங்கே வங்கியில் கிடக்கிற காசை இங்கே சேதாரம் இல்லாமல் எப்படி எடுப்பது?

இந்த விஷயத்தில் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு. விமான நிலையத்தில் ஒரு டொலரும் மாற்ற மாட்டேன். வெளிநாட்டில் காசு எடுத்தால் கட்டணம் பிடிக்காத வங்கியாகத் தேடிப்பிடித்துக் கணக்குத் திறந்திருந்தேன். இங்குள்ள ஏ.டி.எம். இயந்திரம், ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்குப் பார்க்கட்டுமா?’ என்று இனிக்க இனிக்கக் கேட்கும். ஆம் என்று அமுக்கினால் தொலைந்தோம், தனக்குப் பிடித்த விலையைப் போட்டுத் தீட்டிவிடும். நான் வேண்டாம் என்றே அமுக்குவேன். பெரிய தொகை என்றால் கைத்தொலைபேசிச் செயலி வழியாக அக்காவின் ரூபாய்க் கணக்குக்கு அனுப்புவேன். அதில்தான் நல்ல விலை கிடைக்கும். எங்கள் மாடிக்கட்டடத்து லிப்டில் அகப்படுகிற லண்டன்காரர், நோர்வேக்காரர் எல்லோருக்கும் இதைப் பாடம் எடுப்பேன். அத்தான் பக்கத்தில் நின்று, “பிள்ளை, நாங்கள் இறங்க வேண்டிய மாடி போயிட்டுது” என்பார்.

அந்த முறை நான் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அக்காவின் இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. பொரளையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். முற்பணத்தில் பாதி அத்தானுடைய சேமிப்பு, மற்றப் பாதி நான் தருவதாகப் பேச்சு. அத்தான் அரசாங்கத்தில் கணக்காய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் பாதியை ஒரு கிழமைக்கு முன்பே கட்டிவிட்டு ரசீதைக் கோப்பில் போட்டுவிட்டார். நான் மட்டும் கட்டவில்லை. டொலர் இன்னும் இரண்டு நாளில் ஏறும்போல இருக்கிறதே, ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் புதன்கிழமை. காலை பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று மணிக்குள் மீதிப் பணம் வராவிட்டால் அந்த இடத்தை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். மருத்துவர் அதற்கடுத்த நாள் வெளிநாடு போகிறார், திரும்பி வர ஒரு மாதம் ஆகும். அக்காவுக்கு ஒரு மாதம் பொறுக்க முடியாது என்று அவரே சொல்லியிருந்தார்.

இதற்கென்ன, இரண்டு நிமிட வேலை என்று நான் சோபாவில் சாய்ந்தபடி செயலியைத் திறந்தேன். தொகையைப் போட்டேன். அதுவரை அனுப்பிய தொகைகளுக்கு ஒன்றும் கேட்காத செயலி, அன்றைக்கு இவ்வளவு பெரிய தொகையைக் கண்டதும் ஒரு கேள்வி கேட்டது. ‘உங்கள் கனடா எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் பதியவும்.’

என் கனடா எண் தொலைபேசிக்குள் இல்லை. வந்திறங்கிய அன்றே, ரோமிங் என்று நூற்றுக்கணக்கில் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த சிம்மைக் கழற்றிவிட்டு, காலி வீதியில் வாங்கிய உள்ளூர் சிம்மைப் போட்டிருந்தேன். என் தொலைபேசி ஒரு சிம்தான் கொள்ளும். கழற்றியது நகத்தளவு சாமான். எங்கே வைத்தாலும் தொலைந்துவிடும் என்று யோசித்து யோசித்து, அந்த வீட்டில் யாரும் கை வைக்காத இடம் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

அக்காவின் சாமித் தட்டில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி நடக்க வேண்டும் என்று கொட்டாஞ்சேனைக் கோயில் அம்மனுக்கு நேர்ந்து, அக்கா ஒரு காசை முடிந்து வைத்திருந்தாள். கலியாணமான புதிதில் அவர்கள் குடியிருந்தது அங்கேதான். எல்லாம் சுகமான பிறகுதானே கோயிலுக்குப் போகும், அதுவரை பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து முடிச்சை அவிழ்த்து, சிம்மை உள்ளே வைத்து, திரும்பக் கட்டிவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

இப்போது ஓடிப்போய்ப் பார்த்தால் தட்டில் திருநீறு இருக்கிறது, பூ இருக்கிறது, முடிச்சைக் காணவில்லை.

அத்தான் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “அதை நான் நேற்றே கொண்டுபோய் உண்டியலுக்குள்ள போட்டிட்டனே. செவ்வாய்க்கிழமை எண்டு உன்ர அக்காதான் அனுப்பினவ.”

அக்கா அறைக்குள் படுத்திருந்தாள். ஏன் அதற்குள் அனுப்பினாய் என்று, சும்மா கேட்பது போலக் கேட்டேன். “அம்மனுக்குக் கடன் வைச்சுக்கொண்டு நான் ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள போகமாட்டன். திரும்பி வராட்டி ஆரடி குடுக்கிறது?” என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்கிற துணிவு வரவில்லை.

வெளியே வந்து அத்தானிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது திட்டுவதைவிட மோசம். மகனை அழைக்கலாம் என்றால் ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம், அவன் தொலைபேசியை வாயடைத்துவிட்டுப் படுப்பவன். வங்கிக்கு அழைத்தேன். அந்தப் பெண்ணும் நான்தான் என்பதை உறுதிப்படுத்த அதே எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறேன் என்றாள். ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய தொகை, கட்ட வேண்டியதில் கால்வாசியும் வராது. கடன் அட்டையை வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்கும் என்று ரொறன்ரோ வீட்டு அலுமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். எல்லாப் பக்கமும் சிக்கனம் பார்த்துக் கதவடைத்துக்கொண்ட பிசினாறி நான்தான். அப்படியே கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு ஓட்டோ பிடித்தோம்.

காலி வீதி அன்றைக்கு என்று பார்த்து அசையவே இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், “மல்லி, இக்மனட்ட” என்று அந்த ஓட்டோத் தம்பியைக் கெதியாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது முறை அந்தத் தம்பி திரும்பி, “அம்மா, பறக்கிற ஓட்டோ இன்னும் வரல்ல” என்று நல்ல தமிழில் சொன்னான். சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாத ஒழுங்கைகள் எல்லாவற்றுக்குள்ளும் விட்டு, பதினொன்றே முக்காலுக்குக் கோயில் வாசலில் இறக்கினான்.

உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்துகிற நேரம். ஐயரிடம் விஷயத்தைச் சொன்னால், உண்டியலுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி கணக்கு வழக்குப் பார்க்கிற கோயில் கந்தோரில், மற்றச் சாவி பொருளாளரிடம், திறப்பது மாதம் ஒருமுறை என்றார். பொருளாளர் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறவராம். நல்ல காலம், ஐயரே அவருக்கு அழைத்தார். இருபது நிமிடத்தில் வெள்ளை வேட்டியும் வியர்வையுமாக ஒரு மனிதர் வந்து சேர்ந்தார்.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “உண்டியல்ல விழுந்தது சாமிக்கு வந்ததும்மா. அத எடுத்துக் குடுக்க நான் யாரு?”

அழுதேன் என்றே சொல்ல வேண்டும், அறுபத்து நான்கு வயதில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று. அக்கா நேர்ந்தது காசை மட்டும்தான், சிம்மை நான் அவளுக்குத் தெரியாமல் வைத்தேன், அது நேர்த்திக்கடனில் சேராது, காசு அம்மனிடமே இருக்கட்டும் என்று விக்கி விக்கிச் சொன்னேன். பொருளாளர் ஐயரைப் பார்த்தார். ஐயர் சந்நிதியைப் பார்த்தார்.

“சரி, தொறக்கிறேன்” என்றார் பொருளாளர். “நேர்ந்துக்காதது எதுவோ அத மட்டும் எடுங்க. மத்தவங்க முடிச்சு ஒண்ணையும் அவுக்கக் கூடாது. கையால தொட்டுப் பாத்தே கண்டுபுடிக்கணும்.”

அதன் பிறகு ஒரு புத்தகம் வந்தது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன காரணத்துக்காக உண்டியல் திறக்கப்பட்டது என்று எழுதி, ஐயரும் கந்தோர்ப் பையனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அத்தானிடம் நீட்டினால், மனிதர் அந்த அவதியிலும் முழுவதையும் வாசித்து, நேரம் எழுதிய இடத்தில் முற்பகலா பிற்பகலா என்று இல்லையே என்று திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரைப் பிடித்து உண்டியலுக்குள் போட்டால் என்ன என்று இருந்தது.

இரண்டு பூட்டும் திறந்தது. தாள்கள், சில்லறை, நடுவில் மஞ்சள் முடிச்சுகள். ஒன்று இரண்டு இல்லை, நாற்பது ஐம்பது இருக்கும். எல்லாம் ஒரே மஞ்சள், எல்லாம் ஒரே அளவு. ஒரு பெரிய தட்டில் அவற்றைக் குவித்து என் முன்னால் வைத்தார்கள்.

நான் நிலத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் அமத்திப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு காசு. ஒரு காசு. இரண்டு காசு. ஒன்றின் துணியில் பிள்ளைப் பவுடர் மணந்தது. ஒன்றில் மிகச் சின்னதாக ஒரு மோதிரம் தட்டுப்பட்டது, கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. அதைத் தொட்ட விரலை என்ன செய்வது என்று தெரியாமல் மெதுவாகத் திருப்பி வைத்தேன். யாருக்கு என்ன நோயோ, எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்களோ. அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதை மறந்துவிட்டேன். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு கையாலும் எடுத்து இரண்டு கையாலும் வைத்தேன். முப்பதுக்கு மேல் பார்த்திருப்பேன். ஒன்றில் காசின் ஓரத்தில் சிறியதாய் ஒரு கூர்மூலை பெருவிரலில் குத்தியது.

“இதுதான்” என்றேன்.

ஐயர் அவிழ்த்தார். அக்காவின் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி, அதன் கீழே என் சிம். அவர் காசை மறுபடி முடிந்து அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தார். பொருளாளர் தன் ரசீதுப் புத்தகத்தில் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றித் தந்தார். சிம்மை மாற்றியதும் அவர்தான். நகைக்கடைக்காரர், கல் பதிக்கிற பக்குவத்தில் வைத்தார்.

தொலைபேசி அலைவரிசையைத் தேடுகிறது, தேடுகிறது. நாங்கள் ஐந்து பேர் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றோம். ஒரு கோடு விழுந்தது. பிறகு இரண்டு. கந்தோர்ப் பையனிடம் இணைப்பு வாங்கிச் செயலியைத் திறந்து மறுபடி அனுப்பினேன். டிங் என்று ஒரு சத்தம். ஆறு இலக்கங்கள். அத்தான் ஒவ்வொன்றாக வாசிக்க நான் அமத்தினேன். பணம் புறப்பட்டுவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்ததும், ஐயர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அப்போதுதான் பொருளாளர் கேட்டார். “இத ஏம்மா கழட்டினீங்க? என் மகள் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தா போன்லயே வச்சிருப்பா. கதைச்சாத்தான் காசு. மெசேஜ் வர்றதுக்குக் காசு இல்லையே.”

பிறகு என் கொம்பனியிடமும் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான், வருகிற குறுஞ்செய்திக்கு ஒரு சதமும் இல்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு அது தெரியவில்லை.

தெமட்டகொடையைத் தாண்டும்போது அக்காவின் கணக்குக்குக் காசு வந்துவிட்டதாக அத்தானின் தொலைபேசியில் செய்தி விழுந்தது. இரண்டு நாற்பதுக்குப் பொரளையில் பணம் கட்டினோம். அத்தான் ரசீதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, முதல் முறையாக என் தலையில் கை வைத்தார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ஐந்தாம் நாள், அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சூப் குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சிரிக்க வையாதையடி, நோகுது” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “நீ அவிழ்த்தனி எண்டு எனக்குத் தெரியும். முடிச்சு மாறிக் கிடந்தது. வேறை ஏதும் வேண்டுதல் வைச்சுக் கட்டினனியாக்கும் எண்டு நினைச்சன்” என்றாள்.

அவளுக்காக நானும் வேண்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் வந்ததிலிருந்து இரண்டு மாதமும் அந்த முடிச்சைக் கும்பிட்டிருக்கிறாள்.

இப்போது இரண்டு சிம் கொள்ளும் தொலைபேசி வாங்கிவிட்டேன். மலிவாகக் காசு எடுக்கிற வழியை இன்றைக்கும் லிப்டில் யார் கேட்டாலும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் மஞ்சள் முடிச்சு ஒன்றைக் கண்டால் என் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. அதற்குள் ஒருவர் தன் பயத்தை முடிந்து வைத்திருக்கிறார் என்பதை, என் அக்காவின் முடிச்சை அவிழ்த்த அன்று தெரியாத எனக்கு, முன்பின் தெரியாதவர்களின் முடிச்சுகள்தான் தெரிய வைத்தன.