தண்ணீர் வார்க்காத பிள்ளை

நான் பெரியபிள்ளையானது கிரானில், மாமியின் வளவுக் கிணற்றடியில், பல் தீட்டிக்கொண்டிருந்தபோது. பாவாடையில் இரத்தம் பட்டதைக் கண்டு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்தச் செய்தி கேட்ட தாய் முதலில் குரவை போடுவாள். அது நாலு வளவு தாண்டிக் கேட்கும். கேட்ட பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். என் அம்மா என் வாயைப் பொத்தினார்.

“ஒருத்தருக்கும் மூச்சு விடாத. மாமிக்கும் சொல்லாத.”

கடல் வந்து கல்குடாவில் எங்கள் வீட்டையும் அப்பாவையும் கொண்டுபோய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூட முகாமில் கிடந்த எங்களை அம்மாவின் அண்ணன், என் மாமா, கிரானுக்குக் கூட்டிவந்தார். ஆனால் வீடு மாமியுடையது. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம். ஆண் அங்கே வந்து குடியிருப்பவன். ஆகவே நாங்கள் தின்றது மாமியின் சோறு, படுத்தது மாமியின் பாய். மாமி ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர்களுக்கு ஒரே மகள். என் வயது, என் வகுப்பு, எனக்கு மச்சாள்.

அந்தக் காலத்தில் சண்டைக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். யாரென்று கேட்காதீர்கள். துவக்கு வைத்திருந்த எல்லாருமே கேட்டார்கள். பெரியபிள்ளையாகாத பெண்ணைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. தாலி ஏறியவளைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று இன்னொரு கதை. இரண்டுக்கும் உத்தரவாதம் தர யாருமில்லை. ஆனால் தாய்மாருக்கு நம்புவதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அம்மா முதல் கதையை நம்பினார்.

பேன் என்று சொல்லி என் தலைமயிரைக் கழுத்தோடு வெட்டினார். பழைய சீலைத்துண்டால் நெஞ்சை இறுக்கிக் கட்டி, மேலே தொளதொளத்த சட்டையைப் போட்டுவிட்டார். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் வீடு எழும்புமுன் நான் கிணற்றடிக்குப் போய்த் துணியைத் தோய்த்து, விறகுக் கும்பிக்குப் பின்னால் காயப்போடவேண்டும். வயிற்றுவலி வந்தால் மாங்காய் தின்றேன் என்று பொய் சொல்லவேண்டும். என் உடம்பையே எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட அம்மாவைப் பிடிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மச்சாள் பெரியபிள்ளையானாள். மாமி போட்ட குரவை ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும். மாமா மாமரத்தில் ஸ்பீக்கர் கட்டினார். ஊரே வந்து சாப்பிட்டது. இந்த நேரத்தில் இவ்வளவு ஆரவாரம் எதற்கென்று கேட்டவர்களிடம் மாமி ஒளிக்காமல் சொன்னார்: “நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே கெதியா ஒரு மாப்பிள வரும்.” மாமி நம்பியது இரண்டாவது கதையை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை! அன்றைக்கு அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

தண்ணீர் வார்த்து, சேலை கட்டி, பூ வைத்து இருத்தியபின் மச்சாள் வேறு யாரோ ஆகிவிட்டாள். பெரிய பெண்களோடு குந்தியிருந்து குசுகுசுப்பாள். நான் கிட்டப் போனால் கதை நிற்கும்.

“சின்னப் பிள்ளைக்கு இஞ்ச என்ன வேல?” என்றாள் ஒருநாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு முந்தி நான் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அதுவரை ஒரே பாயில் படுத்து, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் நான் தனியாகத்தான் போனேன். வகுப்புப் பிள்ளைகள் எனக்குக் ‘குஞ்சு’ என்று பட்டம் வைத்தார்கள்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஆவணியில் கலியாணம் என்று பேச்சு.

அதற்கு முன் வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் சடங்கு. எங்கள் கோயிலில் அம்மனுக்கு நெல் குற்றுவது பெரியபிள்ளையாகாத பெண்பிள்ளைகள்தான். மச்சாள் இனி முடியாது. என்னைக் கேட்டார்கள். மறுத்தால் ஏன் என்று கேள்வி வரும். அந்த நாள் பார்த்து எனக்கு மாதத் தீட்டு. தீட்டோடு கோயில் வீதியால் நடந்தால் அம்மன் கண்ணைப் பறிப்பாள் என்று சொல்லி என்னை வளர்த்ததே அம்மாதான். நான் அழுதுகொண்டு அவர் காலைப் பிடித்தேன்.

“போ புள்ள. அம்மன் கேட்டா நான் பதில் சொல்றன்” என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

போனேன். ஈரத்தலையோடு, பறை முழங்க, உரலைச் சுற்றி நின்ற சிறுமிகளோடு நானும் உலக்கை போட்டேன். கண் போகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடல் வந்த அன்றைக்குக்கூட நான் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் ஓடினேன். அதற்குப் பிறகு யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சடங்கு முடிந்து ஏழெட்டு நாளில் அவர்கள் வந்தார்கள். மத்தியானம், சாப்பாட்டு நேரம். மூன்று பேர், இரண்டு மோட்டார் சைக்கிளில். மாமா வட்டையில் வயல் வேலையாக நின்றார். வாசலில் அம்மா, மாமி, மச்சாள், நான்.

“இந்த வீட்டால ஒராள் தரவேணும்” என்றான் அவர்களில் மூத்தவன். அவனுக்கே இருபது வயது இருக்காது. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். என்னைக் காட்டி, “இவவுக்கு எத்தின வயசு?” என்றான்.

“அது இன்னும் பெரியபிள்ளையாகல்ல தம்பி” என்றார் அம்மா. “போன கிழமைதான் கோயில்ல நெல்லுக் குத்தினது. ஊருல கேட்டுப் பாருங்க.”

அவன் மாமியின் பக்கம் திரும்பினான். “உண்மையா அக்கா?”

மாமி என்னைப் பார்த்தார்.

“ஓம் தம்பி. அது சின்னப் பிள்ள” என்றார். பிறகு அவன் கையைப் பிடித்தார். “என்ட மகளுக்குக் கலியாணம் பேசியாச்சு தம்பி. ஆவணியில கலியாணம்.”

“தாலி எங்க?” என்றான் அவன்.

மச்சாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். அவள் கூப்பிட்டது மாமியை அல்ல, என்னை. எனக்கு அசையத் தெரியவில்லை. மாமி செருப்பில்லாமல் அந்த மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் பெரிய ரோட்டு வரைக்கும் ஓடினார்.

முற்றம் வெறுமையானதும் அம்மா சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது ஆறுதல். மச்சாளைத் தூக்கி வளர்த்தவர்தான். அன்றிரவு தலையில் அடித்துக்கொண்டு அழுதவரும்தான். ஆனால் முதலில் வந்தது ஆறுதல். அந்த ஆறுதல் என் பொருட்டு வந்தது என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. அதன்பின் வருடக்கணக்காக நான் அம்மாவுடன் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. தீட்டோடு நெல் குற்றியதால்தான் அம்மன் மச்சாளைக் கொண்டுபோனாள் என்று நம்பினேன். அதைச் சொல்லி அழவும் ஒரு ஆள் இல்லை.

மூன்று வருடம் கழித்து, சண்டை முடிந்தது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். மாமா மச்சாளின் படத்தை எடுத்துக்கொண்டு வவுனியா முகாம்களுக்குப் போனார். கண்டவர்கள் ஒருவருமில்லை. திரும்பி வந்து படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அன்றோடு பேச்சையும் குறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா எனக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும் என்றார். தண்ணீர் வார்க்காத பெண்ணுக்குச் சம்பந்தம் பேச முடியாதாம். பிந்திப் பெரியபிள்ளையானேன் என்று ஊருக்குச் சொன்னார். ஊர்ப் பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களில் எத்தனை பேர் எதை ஒளித்தவர்களோ. மகள் இல்லாத வீட்டில் இது வேண்டாம் என்று நான் சண்டை பிடித்தேன். மாமிதான் என்னை இழுத்துக்கொண்டு வந்து பலகையில் இருத்தினார். முறைப்படி முதல் தண்ணீர் மாமிதான் வார்க்கவேண்டும்.

முதல் செம்பை ஊற்றிவிட்டுக் குனிந்தார். மற்றப் பெண்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

“அண்டைக்கு அவன் என்னட்டக் கேக்கக்குள்ள எனக்குத் தெரியும் மகள்” என்றார். “ஒரு கிணத்துலதானே துணி தோய்க்கிறம். எனக்குத் தெரியாம இருக்குமா.”

“அப்ப ஏன் மாமி சொல்லல்ல?”

“சொன்னா ரெண்டு பேரையும் கொண்டுபோயிருவாங்கள் எண்டு நினைச்சன்.”

வாளிக்குள் செம்பை முக்கி எடுத்தார்.

“இப்ப நினைக்கிறன், அவங்கள் ஒராளத்தானே கேட்டவங்கள்.”

கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் என் நெற்றியில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த செம்பை ஊற்றினார்.