கடுக்காய் தானாக விழும் வரை

பொருளியல் பாடத்தில் ‘நீடித்த வளர்ச்சி’ என்று ஒரு பகுதி உண்டு. மனப்பாடமாகச் சொல்வேன், கண்ணால் பார்த்ததில்லை. அதனால்தான் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கல்வராயன் மலைக்குக் கடுக்காய் எடுக்கக் கிளம்பிய அத்தாவோடு (அப்பாதான்) நானும் தொற்றிக்கொண்டேன். கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. சேலத்து வியாபாரி ஒருவருக்கு நான்கு மூட்டை தருவதாக அத்தா வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் அந்த வாடிக்கை போய்விடும்.

காலை ஆறரைக்குக் குட்டியானை வேனில் புறப்பட்டோம். வடக்கனந்தல் வரை இருபக்கமும் கரும்பு. கச்சிராயபாளையம் தாண்டியதும் வண்டியின் முன்கண்ணாடி முழுக்க மலை. கடையிலிருந்து வெள்ளிமலைக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. (வளைவுகளில் அத்தா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.) மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், நாங்கள் வந்த சாலை மேகத்துக்கு அடியில் கிடந்தது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிற்றூர். அங்கே பெண்கள் குழு ஒன்று கடுக்காய் பொறுக்கி விற்கிறது. தலைவி சின்னப்பொண்ணு அக்கா இரண்டு மூட்டைதான் காட்டினார். மீதி மரத்தில் இருக்கிறதாம். அண்ணாந்து பார்த்தேன். வானம் வரை கொத்துக் கொத்தாகக் காய்.

“மரம் நிறைய காய வச்சிகினு இல்லைன்றீங்களே. ரெண்டு பேர் ஏறி உலுக்குனா ஆச்சு” என்றார் அத்தா.

“உலுக்குனா கிளை ஒடியும். அடுத்த வருசம் வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு வருவீங்களா பாய்?”

விழுந்ததை மட்டுமே எடுப்பது அவர்கள் வழக்கம். அதிலும் கொஞ்சத்தை மானுக்கென்று மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். கிளையை ஒடிப்பவர் வீட்டுக்கு அந்த வருடம் பங்கு கிடையாது. போன வருடம் தன் கணவர் ஒடித்ததால் தனக்கே பங்கு போயிற்று என்றார் அக்கா. “அப்புறம் அவருக்குச் சோறாச்சும் போட்டியா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அத்தா விலையை ஏற்றிக் கேட்டும் யாரும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு காய், யாரும் தொடாமல், சருகில் வந்து விழுந்தது. ஒரு வியாபாரமே மரத்தின் வேகத்தில் நடக்கிறது! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் அத்தா சேலத்துக்குப் பேசினார். அந்த வியாபாரி வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அத்தா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அக்காவிடம் வந்து, “மீதியும் எனக்குத்தாம்மா. விழட்டும், வந்து எடுத்துக்கிறேன்” என்றார்.

போகிறவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் உண்டு. ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். வழியில் கடுக்காய் ஏற்றிய குட்டியானை எதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். அந்தச் சரக்கை வாங்க ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் அத்தா மலையேறிக்கொண்டுதான் இருக்கிறார்.