இடாப்பில் இருந்த பெயர்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பெற்று ஆறு பேரை ஆளாக்கினேன்.

இலங்கை மலையகத்தில், எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், மூத்தவள் காமாட்சி காய்ச்சலில் இறந்த எட்டாம் நாள், தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் தொரை வர்றாரு. ஒரு பிள்ளை கொறைஞ்சாலும் பள்ளிக்கூடத்த மூடிருவாங்க. காமாட்சி பேர வரவு எடுக்குற இடாப்புல இன்னும் வெட்டல. இன்னும் பள்ளிக்கூடத்துல சேக்காத சின்னவள அந்தப் பேருக்கு அனுப்புறியா?"

எனக்கு அழுகைகூட வரவில்லை. "கூட்டிட்டுப் போங்கய்யா" என்றேன்.

மறுநாள் கொழுந்துக்கூடையோடு பள்ளி வாசலில் நின்றேன். "காமாட்சி" என்று கூப்பிட்டார்கள். சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"இருக்கேங்கய்யா" என்றாள்.

பள்ளிக்கூடம் பிழைத்தது. என் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே படித்தார்கள். ஆனால் சின்னவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பேத்தி, அந்தச் சின்னவள்தான் உன் அம்மா. அவளுக்கு நான் வைத்த பெயர் வள்ளி. நான் சொன்னதையெல்லாம் சரியாக எழுதியிருக்கிறாயா, வாசித்துக் காட்டு.