ஆர்னோ சொன்ன மான்

பனிக்காலத்தில், வட துருவத்தை ஒட்டிய கூசிலம்பி ஊர்க்காரர்கள் ஆர்னோவைத் தேடிவந்து பேசினார்கள் என்றால், அது திட்டுவதற்காகத்தான் இருக்கும். பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர் அவர். ஊர் எழுந்திருக்கும் முன்பே சாலையைத் திறந்துவிட்டு, வழுக்காமலிருக்கப் பொடி ஜல்லியைத் தூவிக்கொண்டே போவார். அவர் ஒதுக்கிய பனி யாருடைய வாசலையாவது அடைத்துக்கொண்டு நிற்கும். "என் காரை உள்ள வச்சுப் புதைச்சிட்டியே, நல்லாருப்பியா?" என்று போன் வரும். ஆர்னோ பதில் சொல்ல மாட்டார். தலை நரைக்கும் முன்பிருந்தே இந்த வேலைதான். பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டிருந்தார்.

ஆனால் மே முதல் நாள் அப்படியல்ல. அன்று ஊர் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் பெட்ரோல் பங்க் காபிக்கடை முன்னால் கூடுவார்கள். அக்டோபரில் போர்வை போட்டு மூடிய வண்டிகள் அன்றைக்குத்தான் வெளியே வரும். காட்டுக்குள் இன்னும் முழங்கால் அளவு பனி கிடக்கும். சாலை மட்டும் கறுப்பாக, காய்ந்து, வெயிலில் பளபளக்கும். கிளம்பும் முன் ஆர்னோ காபிக் கோப்பையோடு படியில் ஏறி நின்று பேசுவார். "உங்க புத்தி போன ஆகஸ்ட்லயே நிக்குது. கை கால் அப்படியில்ல, எல்லாத்தையும் மறந்திருக்கும். வளைவுல எல்லாம் ஜல்லி கெடக்கு. போட்டவனே சொல்றேன், கேட்டுக்கோங்க. பாதி வேகம்தான். தனியா யாரும் போகக் கூடாது." எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். 'வாத்தியார்' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு நாளுக்காக அவர் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

வாத்தியார் என்றால் கண்டிப்பும் இருக்குமே. போன வருஷம் மின்னா என்ற பெண் ஏரிக்கரை வளைவில் ஜல்லியில் சறுக்கி விழுந்தாள். சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருப்பவள். முப்பதைத் தாண்டிய பிறகு ஆசைப்பட்டு வண்டி பழகினவள். அடி பெரிதாக இல்லை. முழங்கால் சிராய்ப்போடு அவள் பங்குக்கு வந்தபோது ஆர்னோ எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "நான் அரை மணி நேரம் கத்தினது காதுல விழலையா உனக்கு? ரோடு யாரையும் தள்ளி விடாதும்மா. நாமளாத்தான் விழறோம். பேசாம ஒரு சைக்கிள் வாங்கிக்கோ." எல்லோரும் சிரித்தார்கள். மின்னாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தக் கோடை முழுக்க அவள் கூட்டத்தோடு வரவேயில்லை.

இந்த வருஷம் மே முதல் நாள் வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஆர்னோவுக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. கூட்டம் கூட இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. கொட்டகைக்குப் போய்ப் போர்வையை விலக்கினார். பழைய ஜப்பான் வண்டி. பனிக்காலம் முழுக்க வாரா வாரம் துடைத்து, தகரத்தில் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். சும்மா கிளப்பிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார். எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டதும் அணைக்க மனசு வரவில்லை. பிறகு வாசல் வரை போகலாம் என்று நினைத்தார். பிறகு பாலம் வரை.

பாலத்துக்கு அப்பால் சாலை நேராக ஓடியது. ஹெல்மெட் இடுக்கில் புகுந்த காற்று பற்களைக் கூசவைத்தது. முழங்கால் ரெண்டும் மரத்துப்போயின. ஆனால் மண் வாசனை வந்தது. ஏழு மாதமாக இல்லாத வாசனை. வயல்களில் தேங்கிய பனி நீரில் அன்னங்கள் வந்து இறங்கியிருந்தன. லாரியில் நத்தைபோல ஊர்ந்து, பனியை முட்டிக்கொண்டு வந்த அதே சாலை இப்போது அவருக்குக் கீழே தண்ணீர்போல வழிந்தோடியது. ஆர்னோ ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுப் பாடினார். ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினார்.

சதுப்பு நிலத்தை ஒட்டிய வளைவு அவருக்குத் தெரியாத வளைவு இல்லை. மார்ச் மாதம் அங்கே ஜல்லியை ரெண்டு மடங்கு தூவியது அவரேதான். வண்டியைச் சாய்த்த பிறகுதான் அந்த ஜல்லி கண்ணில் பட்டது. முன் சக்கரம் வழுக்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. அடுத்த நொடி அவர் சாலையோரப் பனிக்குவியலில் கிடந்தார். வண்டி கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போய் மல்லாந்து கிடந்தது. இடது தோளில் ஏதோ உடைந்திருந்தது.

அவர் எழுந்து உட்காருவதற்குள் இன்னொரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எதிர்ப் பக்கமிருந்து, கூட்டத்துக்காகச் சீக்கிரமே கிளம்பி, நிதானமாக வந்துகொண்டிருந்தாள் மின்னா. வண்டியை நிறுத்தி ஓடிவந்தாள்.

"ஐயோ, ஆர்னோ! அசையாதீங்க. என்ன ஆச்சு?"

உலகத்தில் எவ்வளவோ பேர் இருக்க, இவளா வர வேண்டும்? யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது.

"மான்" என்றார். "துருவமான் ஒண்ணு. திடீர்னு குறுக்க வந்துடுச்சு."

"அடிபட்டுச்சா அதுக்கு?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் வண்டி கிடந்த கோலத்துக்கு வெறுமனே மான் வந்தது போதாது என்று அவருக்குத் தோன்றியது. "பின்னங்கால்ல பட்டிருக்கும். நொண்டிக்கிட்டே காட்டுக்குள்ள போச்சு."

மின்னா உடனே அவசர உதவிக்குப் போன் போட்டாள். காட்டில் திரியும் துருவமான்கள் எல்லாம் யாரோ ஒருவர் வளர்க்கிற மந்தைதான்; அடிபட்ட மானைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. குட்டி போடும் காலம் வேறு. காட்டில் திரிவதெல்லாம் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். "பியெராவோட மந்தை இந்தப் பக்கம்தானே? அவருக்குச் சொல்லிடுவாங்க" என்றாள். ஆர்னோ கண்ணை மூடிக்கொண்டார். வலியால் என்று அவள் நினைத்தாள்.

தோளை ஒட்டிய காறை எலும்பில் விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்டு மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் மோட்டார் சைக்கிள்காரர்கள் திரண்டு வந்தார்கள், கை நிறைய மே தினச் சர்க்கரை வடையும் பாட்டிலில் தேன் பானமும் எடுத்துக்கொண்டு.

"வாத்தியாரா இருக்கப்போயி தப்பிச்சாரு. நானா இருந்தா இந்நேரம் எனக்குக் குழி வெட்டிக்கிட்டு இருப்பீங்க" என்றான் ஒருவன்.

"எப்படிச் சமாளிச்சீங்க? பிரேக்கை விட்டுட்டீங்களா, பிடிச்சீங்களா?" என்று கேட்டான் இன்னொருவன். அடுத்த வருஷம் அவனுக்கே உதவும் என்று நினைத்துக் கேட்கிற கேள்வி. ஆர்னோ ஏதோ சொன்னார். சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது. வடை வாயில் மாவாகவே நின்றது.

அவர்கள் போன பிறகு மனைவி சிர்க்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "பியெரா இன்னும் வீடு திரும்பலையாம். அவன் பொண்டாட்டி போன் பண்ணினா. பனி இளகிக் கெடக்கு, பனியில ஓடுற ஸ்கூட்டர் புதைஞ்சுபோச்சாம். சறுக்குக் கட்டையைக் கால்ல கட்டிக்கிட்டு நடந்தே தேடுறானாம்."

"அந்தப் பழுதான முழங்காலை வச்சுக்கிட்டா?"

"அடிபட்டு எங்கயாவது கெடந்தா ரெண்டு உயிராச்சேங்கறான்."

ஆர்னோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த வடக்கில் மே மாத ராத்திரி முழுசாக இருட்டாது; வெளியே வெளிச்சம் குறையவேயில்லை. அந்த வெளிச்சத்தில் பியெரா இன்னும் தேடிக்கொண்டிருப்பான். இருட்டினாலாவது அவன் வீட்டுக்குப் போவானே என்று ஆர்னோ நினைத்தார். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும். ஒருமுறை பனிப்புயலில் ஆர்னோவின் லாரி பள்ளத்தில் இறங்கியபோது, கயிற்றோடு வந்து நின்றவன் பியெராதான்.

காலையில் சிர்க்கா கஞ்சி வைத்தாள். அவர் தொடவில்லை.

"நேத்துலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. எலும்பு வலிக்கறவன் சாப்பிடுவான் ஆர்னோ. இது வேற ஏதோ வலி."

"என்னை அந்த வளைவுல கொண்டுபோய் விடு" என்றார் அவர்.

அவள் கஞ்சியை மூடி வைத்தாள். காரை எடுத்தாள்.

பியெராவின் பிக்-அப் வண்டி வளைவுக்கு அப்பால் நின்றது. பின் கதவைத் திறந்து போட்டு அதில் உட்கார்ந்து அவன் பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். இடுப்பு வரை நனைந்திருந்தது. கண் ரெண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. ஆர்னோவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"ஏண்டா, கையைக் கட்டிக்கிட்டு இங்க எதுக்கு வந்தே? வீட்ல கெடக்க வேண்டியதுதானே?"

"நீ... நனைஞ்சிருக்கியே."

"ஓடை மேல பனி உடைஞ்சுபோச்சு. அத விடு. ஒத்தைப் பெட்டையோட தடம் ஒண்ணு கெடச்சிருக்கு, மேற்கால போகுது. அதுவா இருக்கும்னு நெனக்கிறேன். நல்ல வேளை நீ வந்தே. சொல்லு, எந்தக் கால்ல பட்டுச்சு? இடதா, வலதா?"

அவன் கேட்டதில் சந்தேகம் துளிகூட இல்லை. இடது என்று சொல்லியிருந்தால் இடது காலைத் தேடிக்கொண்டு மறுபடி அந்தப் பனிக்குள் இறங்கியிருப்பான். ஆர்னோ வாயைத் திறந்தார்.

"பியெரா, மான் இல்லடா."

"என்ன இல்ல?"

"மானே வரல. ஜல்லியில சறுக்கி விழுந்தேன். வேகமா வந்தேன். அந்தப் பொண்ணு வந்து கேட்டா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

பியெரா பூட்ஸைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.

"அப்ப எந்த மானுக்கும் அடிபடல?"

"இல்ல."

"எதுக்குமே?"

"எதுக்குமே."

"அப்பாடா" என்றான் பியெரா, நெஞ்சிலிருந்து. அந்த ஒரு வார்த்தை ஆர்னோவை அடித்ததுபோல இருந்தது. திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருக்கலாம். அதற்குப் பிறகுதான் பியெராவின் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஏறியது. பூட்ஸை வண்டிக்குள் வீசினான்.

"நேத்து முழுக்க என் பொண்ணும் தேடினா, தெரியுமா? லீவு நாளும் அதுவுமா. ஓடையில விழுந்தப்போ நான் என்ன நெனச்சேன்னு சொல்லட்டுமா? பாவம் ஆர்னோ, மானை அடிச்சிட்டோமேன்னு அவன் மனசு என்ன பாடுபடுமோன்னு நெனச்சேன். அதைத்தான்டா நெனச்சேன்."

"மன்னிச்சுக்கோ."

"எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. பங்க்ல, எல்லாரும் இருக்கும்போது சொல்லு." நாயை ஏற்றிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினான். சிர்க்கா காருக்குள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறக்கியிருந்தது. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

பங்கில் காலைக் காபிக் கூட்டம் இருந்தது. சிர்க்கா உள்ளே வரவில்லை. ஆர்னோ கதவைத் தள்ளியதும், "வாங்க வாத்தியாரே!" என்று நாற்காலி நகர்ந்தது. மின்னாவும் இருந்தாள், இரவு வேலை முடிந்து வந்தவள். ஆர்னோ உட்காரவில்லை. மே தினத்தில் படியேறிப் பேசுவதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தார். அதைத் தேடினார், வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மான் இல்லை என்றார். வேகம் என்றார். கூட்டத்துக்கு முன்னால் தனியாகப் போனேன் என்றார். பியெரா ஓடையில் விழுந்ததையும் சொன்னார்.

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். சிரிப்பு பரவியது. "அடுத்த வருஷம் மானை வச்சே பாடம் நடத்துங்க வாத்தியாரே!" மின்னா மட்டும் சிரிக்கவில்லை.

"உன்னை அன்னைக்கு இதே இடத்துல வச்சுத்தான்..." என்று ஆரம்பித்தார் ஆர்னோ.

"ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். "கோடை பூரா தனியா ஓட்டிப் பழகினேன். யாரும் இல்லாத நேரமாப் பார்த்து. நான் விழுந்தா நீங்க யாரும் பார்க்கக் கூடாதுன்னு." சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்தச் சொல் ஆர்னோவோடு வீடு வரை, அதன் பிறகும் வெகு நாள் வரை, கூடவே வந்தது. ஊர் சிரித்ததெல்லாம் சீக்கிரம் அடங்கிவிட்டது. பெட்ரோல் போடப் போனால், "குறுக்க எதுவும் வரலையே?" என்று கேட்பார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டார். பியெரா எதிரே வந்தால் நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவான், அதுதான் தாங்கவில்லை. நனைந்த நாளில் பிடித்த இருமல் அவனை மூன்று வாரம் விடவில்லை என்று சிர்க்கா வந்து சொன்னாள். ஆர்னோ ஒருநாள் போய் அவன் கதவைத் தட்டினார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

ஜூன் நடுவில் தோள் கூடிவிட்டது. வண்டியின் நசுங்கலை மட்டும் தட்டிச் சரிசெய்து கொட்டகையிலேயே வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. மின்னா, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"வர்றீங்களா?"

"நானா?"

"வேற யாரு? நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க."

அவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். அவள் போன வேகத்துக்கே, அவள் சக்கரத் தடத்திலேயே போனார். காடு பச்சையாகியிருந்தது. சதுப்பு வளைவில் அவள் நிதானித்தாள், அவரும் நிதானித்தார். சாலை சுத்தமாகக் கூட்டப்பட்டிருந்தது. ஆனாலும் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

அதைத் தாண்டிய இடத்தில் எதிரே பியெராவின் பிக்-அப் வந்தது. ஆர்னோ தலையைத் தாழ்த்திக்கொண்டார். வண்டி கடந்த கணத்தில், ஸ்டீயரிங் மேலிருந்து ஒரு விரல் எழுந்து இறங்கியதைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர்தான் வணக்கம். அது தனக்கா, முன்னால் போன மின்னாவுக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது.